ஒரு நிமிஷ எம்மெட்

நீதி என்பது கடவுள் மனிதனை நம்பி விட்டுப்போன துலாக்கோல். அதை ஏந்துகிறவன் மூச்சு விடுவதைக்கூட மறந்துவிட வேண்டும். இதை நான் நாற்பது வருடங்களில் குறைந்தது இருநூறு மேடைகளில் சொல்லியிருக்கிறேன். பெரும்பாலும் சாப்பாட்டுக்கு முன்னால். அதனால் யாரும் எதிர்த்துப் பேசியதில்லை.

தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். வாஷிங்டனிலிருந்து என்னை விசாரிக்க வந்திருக்கிறீர்கள்; நெப்ராஸ்காவின் இந்த மூலையில் காற்று வறட்சி, இரண்டு கேள்வி கேட்பதற்குள் தொண்டை கட்டிவிடும். உங்கள் முன் சத்தியப் பிரமாணம் எடுத்தாகிவிட்டது. எடுக்காவிட்டாலும் பாதகமில்லை. நான் வாழ்நாளில் ஒரு முறைகூடப் பொய் சொன்னதில்லை. இதைச் சொன்னதும் உங்கள் பேனா நின்றுவிட்டது. ஓடட்டும். முடிவில் நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

ஆர்வித் லிண்ட்ஹோமிலிருந்து தொடங்க வேண்டும். டேல் குசேராவிலிருந்து தொடங்கச் சொல்கிறீர்கள். குசேரா இதில் முக்கியமான ஆள் இல்லை. சிறையில் முப்பத்தொரு வருடம் இருந்தார், அவ்வளவுதான்.

1983இல் எனக்கு இருபத்தொன்பது வயது. கவுண்டி அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் கடைசி நாற்காலி என்னுடையது. என் முதல் ஜூரி வழக்கு: குடித்துவிட்டு லாரி ஓட்டியவன், பண்ணைக் கூலியாள் ஒருவரை மோதிக் கொன்றிருந்தான். அவனுக்காக வாதாடியவர் ஆர்வித். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். முழங்கையில் ஒட்டுப்போட்ட கோட்டு, யாரைக் கண்டாலும் சிரிப்பு. ஊரில் பாதிப் பேரின் உயிலை எழுதியவர் அவர். மீதிப் பாதியின் நாய்களுக்கு அவரைத் தெரியும்.

என் இறுதி உரையை ஆறு வாரம் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்திருந்தேன். முடிவில் ஒரு புதுமை வைத்திருந்தேன். ஜூரியிடம் கேட்டேன்: "இறந்துபோன இந்த எளிய மனிதருக்காக, இப்போது நாம் ஒரு நிமிடம் மௌனமாக இருப்போம்." பன்னிரண்டு பேரும் தலை குனிந்தார்கள். நானும் குனிந்தேன். அந்தப் பழைய நீதிமன்றத்தில் சுவர்க் கடிகாரத்தின் சத்தம்கூட என் கட்சியில் இருந்தது.

அந்த மௌனத்தில் யாரோ சிரித்தார்கள்.

சின்னச் சிரிப்பு. மூக்கால் அடக்கப் பார்த்து, முடியாமல் வாயால் வந்தது. என் முதுகு அந்தப் பக்கம் இருந்தது. பிறகு ஜூரியில் ஒரு பால்பண்ணைக்காரர் சிரித்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்த அம்மாள் கைக்குட்டையை எடுத்தார், கண்ணீருக்காக அல்ல. நீதிபதி ஆஸ்டர்மேன் மேசையைத் தட்டினார்.

"யாரது சிரிச்சது?"

ஆர்வித் எழுந்தார். "நான்தான் யுவர் ஆனர். மன்னிக்கணும். நேத்து ராத்திரி பூரா முழிப்பு. என்னமோ ஆகிப்போச்சு."

இறந்தவருக்காகக் கேட்ட மௌனத்தில் ஒரு மனிதன் சிரிக்கிறான். என்னை அவமதித்திருந்தால் மன்னித்திருப்பேன். அவமதிக்கப்பட்டது மரணம், நீதிமன்றம், துலாக்கோல். இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

லாரிக்காரன் விடுதலையானான். எனக்குப் பெயர் கிடைத்தது. ஒரு நிமிஷ எம்மெட். தபால்காரர் முதல் பல் டாக்டர் வரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். சலூனில் முடி வெட்டுகிறவர் கத்தரியை நிறுத்திவிட்டுத் தலை குனிவார், கடையே சிரிக்கும். என் திருமணத்தில், சர்ச்சில், பாதிரியார் "ஒரு நிமிடம்" என்று தொடங்கி, மூன்றாவது வரிசையில் சிரிப்பு கிளம்புவதைப் பார்த்துவிட்டு, "சற்று நேரம்" என்று மாற்றிக்கொண்டார்.

அந்த நாளின் நீதிமன்றப் பதிவை வரவழைத்து வைத்துக்கொண்டேன். எங்கள் தொழிலில் பதிவில் இருப்பது நடந்தது, இல்லாதது நடக்கவில்லை. இடையில் வேறு எதுவும் கிடையாது. இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், சுருக்கெழுத்தாளர் தட்டெழுதியிருந்தார்: திரு. லிண்ட்ஹோம்: (சிரிப்பு). அந்தப் பக்கத்தை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். பத்து வருடம் அதன்மேல்தான் கையெழுத்துப் போட்டேன்.

அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். நான் அரசாங்கச் சம்பளம் வாங்கினாலும் நின்று கொல்லும் வகை.

1993. நான் ஃபெடரல் அரசு வழக்கறிஞராக உயர்ந்திருந்தேன். அந்த அக்டோபரில் பிற்பகல் நான்கு மணிக்கு ஒரு தீவனக் கிடங்கு எரிந்தது. உள்ளே இருந்த முதியவர் இறந்துபோனார். அங்கே வேலையிலிருந்து நீக்கப்பட்ட டேல் குசேரா, வயது இருபத்து மூன்று, முதலாளியைப் பற்றிச் சொல்லக்கூடாத வார்த்தைகளைச் சொல்லியிருந்தார். கைது செய்தோம். அவருக்கு வக்கீல் யார் என்று பார்த்தேன். ஆர்வித் லிண்ட்ஹோம்.

எனக்குக் குசேராமேல் எந்தக் கோபமும் இல்லை. இன்றுவரை இல்லை.

இரண்டு வாரம் கழித்து என் பெயருக்கு ஒரு உறை வந்தது. அனுப்பியவர் ஓபல் டீட்ஸ். கிடங்கிலிருந்து நாற்பத்தைந்து மைல் தள்ளி நெடுஞ்சாலையில் பெட்ரோல் பங்க் வைத்திருந்த விதவை. தன் கையால், கோடு போட்ட தாளில் எழுதியிருந்தார். தீப்பிடித்த அன்று நாலு மணிக்குக் குசேரா வீட்டுப் பையன் தன் கடையில் டயருக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டு நின்றான். ருபார்ப் பைப் பலகாரம் ஒரு துண்டு கேட்டான், இரண்டு தின்றான். ரேடியோவில் அப்போதுதான் நாலு மணிச் செய்தி. இதை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை, அரசாங்கத்திடம் சொன்னால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று எழுதுகிறாராம். கீழே கையெழுத்து. அடுத்த வாரமே ஓபல் டீட்ஸுக்குப் பக்கவாதம் வந்தது. நவம்பர் கடைசியில் வரும் நன்றி சொல்லும் பண்டிகைக்கு முன்பே அடக்கம் நடந்தது.

நம் தரப்புக்கு எதிரான சாட்சியம் கைக்கு வந்தால் எதிர்த்தரப்பிடம் கொடுத்தாக வேண்டும். எங்கள் தொழிலின் முதல் பாடம் அது. புதிதாகச் சேரும் வழக்கறிஞர்களுக்கு நானே வருடா வருடம் அந்தப் பாடத்தை எடுத்தேன். நன்றாக எடுப்பேன் என்று பெயர்.

அந்தத் தாளை நான் கோப்பில் வைக்கவில்லை. என் கோட்டுப் பையில் வைத்தேன். நான் செய்தது அவ்வளவுதான்.

குசேரா சொன்னதை வைத்து ஆர்வித் அந்தப் பெட்ரோல் பங்கைத் தேடிப் போனபோது ஷட்டர் இறங்கியிருந்தது. ஜூரி முன்னால் அவர் சொன்னதெல்லாம் இதுதான்: "ஒரு அம்மா இருந்தாங்க. இருந்திருந்தா வந்து சொல்லியிருப்பாங்க." யாரும் நம்பவில்லை. நாற்பது வருடம் தீர்ப்பானது. எங்கள் ஃபெடரல் சட்டத்தில் கைதியைப் பாதியில் விடும் பழக்கம் கிடையாது. தீர்ப்பைக் கேட்டுக் குசேரா நாற்காலியைப் பிடித்தார். ஆர்வித் சுவரைப் பிடித்தார். நான் ஆர்வித்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சிரிக்கவில்லை.

பிறகு நான் நீதிபதியானேன். அது எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்; ஆனால் வேடிக்கையைச் சொல்ல வேண்டும். ஜனாதிபதி பெயர் சொன்னதும் செனட் அனுப்பும் கேள்விப் பட்டியலில், வாழ்க்கையில் நடத்திய முக்கியமான பத்து வழக்குகளை எழுதி, ஒவ்வொன்றிலும் எதிர்த்து வாதாடியவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் தர வேண்டும். முதல் வழக்காகக் குசேரா வழக்கை எழுதினேன். எஃப்.பி.ஐ.க்காரர்கள் ஆர்வித்தைப் போய்ப் பார்த்தார்கள். அவர் சொன்னது பிறகு என் காதுக்கு வந்தது.

"எம்மெட்டா? கல்லுல நார் உரிக்கிற ஆளு. ஆனா நேர்மைன்னா நேர்மை. அவன் இல்லன்னு சொன்னா அது இல்ல."

இதைக் கேட்டு எனக்கு மூன்று நாள் தூக்கம் பிடிக்கவில்லை. மனசாட்சி என்று நினைக்க வேண்டாம். அந்த மனிதனுக்குத் தன் சிரிப்பு ஞாபகமே இல்லை. நான் பதினாறு வருடம் சுமந்ததை அவர் வாசலிலேயே உதறிவிட்டுப் போயிருக்கிறார்.

செனட் விசாரணை பதினொரு நிமிடம் நடந்தது. அதில் நான்கு நிமிடம் என் நாயைப் பற்றி. 1999 மே மாதம் அங்கி அணிந்தேன். ஜனாதிபதியின் கையெழுத்தும் தங்க முத்திரையும் கொண்ட நியமனப் பத்திரத்தை மரச்சட்டம் போட்டு என் அறைச் சுவரில் மாட்டினேன். அதற்கு முன், பின்னட்டையைக் கழற்றி, ஓபல் டீட்ஸின் தாளை உள்ளே வைத்து மூடினேன். முன்பக்கம் ஜனாதிபதி, பின்பக்கம் பெட்ரோல் பங்க். எனக்கு அது பிடித்திருந்தது.

எங்கள் ஊர் வக்கீல் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நவம்பர் முதல் வெள்ளிக்கிழமை சில்லி விருந்து. மாட்டிறைச்சியும் பீன்ஸும் காரமாகக் கொதிக்கும் சில்லி, தொட்டுக்கொள்ளச் சர்க்கரை வழியும் சினமன் ரோல். வெளியூர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள், நீங்களும் சுளிக்கிறீர்கள். அன்றைக்கு நீதிபதிகள் ஏப்ரன் கட்டிக்கொண்டு வக்கீல்களுக்குப் பரிமாற வேண்டும். வருடம் முழுக்க எங்கள் முன் எழுந்து நிற்கிறவர்களுக்கு ஒரு நாள் ஆறுதல். நான் சில்லி சாப்பிடுவதில்லை. 1983க்குப் பிறகு தொட்டதே இல்லை. அதை என் எளிமை என்று சங்கத்தின் செய்தி மடல் எழுதியது.

வருடா வருடம் ஆர்வித் கிண்ணத்தோடு வரிசையில் வருவார்.

"என்னய்யா எம்மெட், கரண்டிய இப்பிடிப் பிடிச்சிருக்க. தீர்ப்பு சொல்லப் போறியா, ஊத்தப் போறியா?"

நான் ஊற்றுவேன். அவர் குரலைத் தாழ்த்துவார்.

"எம்மெட், அந்த டீட்ஸ் அம்மா சாகறதுக்கு முன்னாடி ஏதாவது எழுதிக் குடுத்துச்சா?"

"கோப்புல அப்படி எதுவும் இல்ல, ஆர்வித்."

"நல்லாப் பாத்தியா?"

"ஒவ்வொரு பக்கமும் பாத்தாச்சு. கோப்புல இல்ல."

"சரி. பீன்ஸ் கொஞ்சம் சேத்துப் போடு."

கவனியுங்கள்: நான் பொய் சொல்லவில்லை. கோப்பில் இல்லை. பிரமாணத்தின் கீழ் கேட்டிருந்தாலும் அதே பதில்தான். இருபத்து நான்கு வருடம் அதே கேள்வி, அதே பதில், அதே கரண்டி. முதலில் அவர் கேட்கும்போது கண்ணைப் பார்ப்பார். பிறகு கிண்ணத்தைப் பார்ப்பார். கடைசி வருடங்களில் கண் மங்கிவிட்டது. எந்த நீதிபதி பரிமாறுகிறார் என்பதைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தார். மற்ற வழக்குகளை விட்டுவிட்டார். மாதம் ஒருமுறை ஐந்து மணி நேரம் கார் ஓட்டிச் சிறைக்குப் போய்க் குசேராவைப் பார்ப்பார். பார்வை போனபின் பஸ்ஸில் போனார். மகள் கல்யாணத்துக்கு அரை மணி நேரம் தாமதமாக வந்தார், கையில் மனுவோடு. அவர் மனைவி, தன் தங்கையோடு இருக்கிறேன் என்று மினசோட்டா போனவர், தங்கையோடேயே இருந்துவிட்டார். இதையெல்லாம் நான் பரிமாறும் வரிசையில் நின்றபடியே தெரிந்துகொண்டேன். நவம்பருக்காக வருடம் முழுக்கக் காத்திருந்தேன் என்றால் மிகையில்லை.

ஒருமுறை, மேல்முறையீட்டு வழிகளெல்லாம் தீர்ந்த பிறகு, குசேராவின் புதிய மனு குலுக்கல் முறையில் என் பெயருக்கே வந்தது. அன்றே விலகிக்கொண்டேன். இரண்டே வரி உத்தரவு. அந்த நுண்ணுணர்வைப் பாராட்டி மாநிலச் சட்ட இதழில் அரைப் பக்கம் வந்தது.

குசேராவின் தாயாரைப் பற்றிக் கேட்கிறீர்கள். ஈஸ்டர் சமயத்தில் அவர் சர்ச் வாசலில் கோலாச்சி விற்பார். கசகசா வைத்த செக் நாட்டு இனிப்பு ரொட்டி. நான் தவறாமல் ஒரு டஜன் வாங்குவேன். "ஜட்ஜய்யாவுக்கு ஒண்ணு கூட" என்று பதிமூன்றாவதைப் பொட்டலத்தில் வைப்பார். நல்ல பக்குவம். 2011இல் இறந்துபோனார். அதற்குப் பிறகு அப்படி யாரும் செய்வதில்லை.

இந்த ஏப்ரலில் ஆர்வித் ஆஸ்பத்திரியில் படுத்தார். இன்றோ நாளையோ என்றார்கள். அந்த நாளுக்காகவே நான் காத்திருந்தேன். கடைசியில் ஒரு முறை அவர் கேட்க வேண்டும். நான் தாளை எடுத்துப் படித்துக் காட்ட வேண்டும். ருபார்ப் பை இரண்டு துண்டு வரை. அவர் எல்லாம் தெரிந்துகொண்டு, செய்ய எதுவுமில்லாமல், கிளம்ப வேண்டும். தாளை எடுத்துப் பையில் வைத்தேன். ஆனால் அன்று காலை என் உருவப்படத்துக்கு உட்கார வேண்டியிருந்தது. ஓய்வு பெறும் நீதிபதியை எண்ணெய் ஓவியமாகத் தீட்டி நீதிமன்றத்தில் மாட்டுவது வழக்கம். ஓவியர் என் தாடையைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஒரு மணி நேரம் ஜட்ஜ். தாடையில இன்னும் உறுதி வரல."

உறுதி வரட்டும் என்று உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனபோது செவிலியர் படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தார்.

"ஜட்ஜா சார்? நாப்பது நிமிஷம் முந்தி வந்திருந்தா பேசியிருக்கலாம். நீங்க வருவீங்களான்னு கேட்டுட்டே இருந்தாரு."

தாளைத் திரும்ப மரச்சட்டத்துக்குள் வைத்தேன். அப்புறம்தான் கஷ்டம் தொடங்கியது. முப்பது வருடம் பொறுமையாகச் சமைத்த பண்டத்தைத் தின்ன வேண்டிய ஆள் போய்விட்டார். யாருக்கும் தெரியாத பழிவாங்கல், பதிவில் இல்லாத தீர்ப்பு மாதிரி. நடந்ததாகவே ஆகாது.

அந்த நேரத்தில்தான் நீதிமன்ற வரலாற்றுச் சங்கம் என் வாழ்க்கை வரலாற்றைப் பதிவு செய்யக் கேட்டது. அனுப்பப்பட்டவர் லோரெட்டா வாவ்ரா; கவுண்டி நீதிமன்றத்தில் முப்பத்தைந்து வருடம் சுருக்கெழுத்தாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தன் பழைய தட்டெழுத்து இயந்திரத்தையே முக்காலியோடு கொண்டுவந்தார். சொல்கிறவர் விரும்பினால் பதிவை மூடி முத்திரை வைக்கலாம். நான் இறந்து ஐம்பது வருடம் வரை மூடி வைக்கச் சொன்னேன்.

"படிவத்துல எழுதிக்கலாம் ஜட்ஜ். கையெழுத்து கடைசியில."

எனக்கு அது சரியாகப் பட்டது. மற்றவர்களின் படிவங்களை நாற்பது வருடம் எழுத்தெழுத்தாகப் படித்தவன், என்னுடையதைப் படிக்கவில்லை.

உங்களிடம் சொன்னதையெல்லாம் லோரெட்டாவிடம் சொன்னேன். பிற்பகல் மூன்று மணி, நல்ல வெயில். அவர் விரல்கள் நிற்கவே இல்லை. அவ்வளவு நல்ல வேலைக்காரர். ஓபல் டீட்ஸின் தாளுக்கு வந்தபோது மட்டும் தலை நிமிர்ந்தார்.

"அது இப்ப எங்க இருக்கு?"

சுவரைக் காட்டினேன். அவர் எழுந்து போய், ஜனாதிபதியைக் கழற்றி மேசையில் குப்புறப் போட்டு, காபித் தட்டிலிருந்த வெண்ணெய்க் கத்தியால் பின்னட்டையை நெம்பினார். என் அறையில் அதுவரை யாரும் என் அனுமதியின்றி நாற்காலியைக்கூட நகர்த்தியதில்லை. அதனால் எப்படித் தடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஆவணத்தை இணைக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் தாளை நின்றபடியே படித்தார். இரண்டு முறை படித்தார்.

"எம்மெட்," என்றார். அதுவரை ஜட்ஜ் என்றுதான் கூப்பிட்டார். "அன்னிக்குச் சிரிச்சது ஆர்வித் இல்ல."

"பதிவில் இருக்கிறது" என்றேன். "இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்."

"அந்தப் பக்கத்த அடிச்சதே நான்தான். வேலைக்குச் சேந்து மூணாவது வாரம். இருபத்திரண்டு வயசு. சிரிச்சது நான். ஆஸ்டர்மேன் கேட்டப்ப நான் மெஷினுக்குப் பின்னால குனிஞ்சுக்கிட்டேன். அதப் பாத்துட்டுத்தான் ஆர்வித் எந்திரிச்சான். நான் சிரிச்ச சிரிப்ப அவன் பேருல அடிச்சேன். சாயங்காலம் போய் நன்றி சொன்னேன். 'போம்மா, வக்கீல் சிரிச்சா திட்டோட போகும், நீ சிரிச்சா வேலை போகும்'னான். அவ்வளவுதான்."

வெளியே புல்வெட்டும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. இதைப் பதிவிலிருந்து நீக்கிவிடுங்கள் என்று சொன்னேன்.

"நான் இப்ப அடிக்கலையே எம்மெட். நின்னுக்கிட்டுல்ல இருக்கேன்."

தாளை மடித்துக் கைப்பையில் வைத்தார். இயந்திரத்தை மூடி, முக்காலியைக் கையில் தூக்கிக்கொண்டார். கதவருகே திரும்பினார். "ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கலாம் நீ" என்றார். படிவத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை என்பது லிஃப்ட் கதவு மூடிய பிறகு ஞாபகம் வந்தது.

மீதி உங்களுக்குத் தெரியும். குசேரா போன வியாழக்கிழமை வெளியே வந்தார், டிவியில் பார்த்தேன். வயதாகிவிட்டது. வாசலில் கூட்டிப்போக யாருமில்லை, லோரெட்டாவைத் தவிர. என் படத்தை மாட்டவில்லை என்று கேள்விப்பட்டேன். தாடை நன்றாக வந்திருந்தது.

வருந்துகிறேனா என்று கேட்கிறீர்கள். தவறான ஆள்மீது தீர்ப்பு நிறைவேறிவிட்டது, அது வருந்தத்தக்கது. ஆனால் என் முன் இருந்த பதிவின்படி அது சரியான தீர்ப்பு. நான் செய்தது எதுவும் எனக்காக அல்ல. இறந்தவருக்கான மௌனத்தில் ஒருவர் சிரித்தார். நான் துலாக்கோலின் பக்கம் நின்றேன்.

எதைப் பார்த்துச் சிரித்தார் என்பதையும் கேட்கிறீர்கள். அது வழக்குக்குத் தேவைதானா? பிரமாணத்தின் கீழ் இருக்கிறேன் என்பது எனக்குத் தெரியும்.

சரி. அன்று மதியம் நான் இரண்டு கிண்ணம் சில்லி சாப்பிட்டிருந்தேன். மௌனம் தொடங்கிப் பதினேழாவது வினாடியில் ஒரு சத்தம் வந்தது. லோரெட்டா தன் வாக்குமூலத்தில், நாகரிகம் கருதி, என் வயிறு சத்தம் போட்டது என்று சொல்லியிருக்கிறார்.

வயிறு இல்லை.